மூட்டை ஏறும் உயரம்

எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் லாரிகளுக்கு நிழல் இருந்தது, மனிதர்களுக்கு இல்லை. இதைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடும். அதெல்லாம் எப்போதோ நடந்தது, இன்னுமா கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். கோபம் என்ன ரேஷன் சர்க்கரையா, மாதக் கடைசியில் தீர்ந்துபோக?

தருமபுரியிலிருந்து மேற்கே போகிற சாலையில், இண்டூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும். சாலையை ஒட்டிச் சந்தைத் திடல். திடலின் முகப்பில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பெரிய புளியமரம் நின்றது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனம் முழுக்க அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கும். அறுபதுகளின் நடுவில், எங்கள் பகுதிக்கு லாரிப் போக்குவரத்து பெருகியபோது, லாரி திரும்ப இடம் போதவில்லை என்று அந்த மரத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் கருங்கல் தூண் நட்டு, மேலே சிமெண்டுத் தகடு வேய்ந்து, நீளமாக ஒரு கொட்டகை போட்டார்கள். லாரி ஷெட் என்று பெயர். சந்தை நாளில் புளியும் வெல்லமும் மாங்காயும் ஏற்ற வருகிற லாரிகள் வரிசையாக அதற்குள் நிற்கும். மற்ற நாள்களில் பஞ்சாயத்துத் தலைவருடைய அம்பாசிடர் கார் ஒரு மூலையில் தனியாக நிழல் காயும். நாங்கள் எதிரே, வெயிலில், அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. மரம் இருந்த இடம் எங்களுடையது. அதை எடுத்து வண்டிக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, இழந்தவர்களும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

எங்கள் வீட்டில் பெண்கள் நாங்கள் இருவர்; எனக்கு நான்கு வயது மூத்தவள் என் அக்கா. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் ஒன்றும், கையில் ஒரு கம்பும் இருந்தால் நடப்பாள். படி ஏறுவாள், ஆனால் படி படியாக இருக்க வேண்டும், சுவராக இருக்கக் கூடாது. எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் முதன்முதலாகப் பத்தாவதுக்கு மேல் படித்த பெண் அவள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. காதில் மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற பலகையில் கம்பியைச் செருகிச் செருகி இந்த ஊரையும் அந்த ஊரையும் சேர்த்து வைக்க வேண்டும். அக்காவுக்கு நல்ல குரல். ஒரு வார்த்தை சொன்னாலும் முழுதாகச் சொல்வாள். அவள் வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே எங்கள் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அதுவரை அவர் அவளைப் பற்றிப் பேசினாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

நான் தருமபுரியில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். காலை பஸ்ஸில் இருவரும் சேர்ந்து போவோம். சாதாரண நாள்களில் சமாளித்துவிடலாம். சந்தை நாளில்தான் கஷ்டம். லாரிகளின் மூக்கு ஷெட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு சாலையோரம் முழுவதையும் அடைத்துவிடும். பஸ்காரர் நிறுத்த இடமில்லாமல் திடலைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவார். சனம் ஓடும். கூடைக்காரி ஓடுவாள், கைப்பிள்ளைக்காரி ஓடுவாள். என் அக்கா ஓட மாட்டாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் கம்பை ஊன்றி ஊன்றி வருவாள். அவள் வருவதற்குள் கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று தகரத்தைத் தட்டி விசில் கொடுத்துவிடுவார். நான் படியில் தொங்கிக்கொண்டு கத்துவேன். சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது.

இப்படி வாராவாரம் தாமதம். எக்ஸ்சேஞ்சில் இருந்த மேற்பார்வையாளர் அம்மா நல்ல மாதிரி. ஆனால் இராத்திரி ஷிப்ட் பார்த்த பெண் எழுந்து போக முடியாமல் அக்காவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா பலகை முன்னால ஆள் இல்லன்னா நான் என்ன பண்றது? இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். தருமபுரியில் அறை எடுத்துத் தங்க வழியில்லை. கல்யாணமாகாத பெண்ணை அப்பா தனியாக விடவும் மாட்டார்.

அந்த மாதத்தின் முதல் சந்தை நாளிலேயே அது நடந்தது. பெங்களூர்ப் பக்கத்து லாரி ஒன்று ஷெட்டுக்குள் பின்னால் வந்துகொண்டிருந்தது. க்ளீனர் பையன் லாரியின் பக்கத்தில் அறைந்து "பரலி, பரலி" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தான். வரட்டும், வரட்டும் என்று அர்த்தம். தூணுக்கும் லாரிக்கும் நடுவில் என் அக்கா வந்துகொண்டிருந்தாள். அவன் பார்க்கவில்லை. நான் கூச்சல் போட்டதில் லாரி நின்றது. அக்கா தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கம்பு மட்டும் சக்கரத்துக்கு அடியில் போய் இரண்டாக உடைந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து அவளைப் பார்த்தார், உடைந்த கம்பைப் பார்த்தார். "லாரி நிக்கற எடத்துல நீ எதுக்கும்மா வர்ற?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். இது லாரி நிற்கிற இடம் என்று அவருக்கு யார் சொன்னது?

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா சொன்னார்: "போதும் சாமி. கால் போனது போதும், உசுரும் போவணுமா? இந்த மாசத்தோட வேலைய விட்டுடு."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எனக்குக் கால் செரியில்லதான். ஆனா வேலைக்குப் போவ முடியாதது காலாலயாப்பா? அந்த ஷெட்டாலதான?" என்றாள். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் தலைவரைப் பார்க்கப் போனோம். அவருக்கு அரிசி மில் இருந்தது, வீட்டில் போன் இருந்தது. பெங்களூருக்கு வியாபாரமாகத் தினமும் டிரங்க் கால் போடுவார். போனை எடுத்ததும் தருமபுரியில் ஆப்பரேட்டர் பேசுவார், பல நாள் அது என் அக்காவாகத்தான் இருக்கும். "அம்மா, கொஞ்சம் தயவு பண்ணி பெங்களூரு போட்டுக் குடுங்கம்மா" என்று அந்தக் குரலிடம் அவர் அவ்வளவு பணிவாகப் பேசுவாராம். அக்கா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குப் போன் ஆபீசில் வேலை என்று தலைவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலும் இந்தக் காலும் ஒரே ஆளுடையது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வாசலில் எங்களைப் பார்த்ததும், "என்னா புள்ள, நொண்டிக்கிட்டே இவ்ளோ தூரம்?" என்றார்.

நாங்கள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். லாரிகள் திடலின் பின்பக்கம் நிற்கட்டும், அங்கே வேண்டிய இடம் இருக்கிறது. முன்னால் இருக்கிற ஷெட்டில் சனம் உட்காரட்டும். உட்கார ஒரு மேடை வேண்டும். பஸ் அதை ஒட்டி வந்து நிற்க வேண்டும். வண்டிக்குப் போட்ட கொட்டகையை மனிதர்களுக்குத் திருப்பி விடுங்கள் என்று கேட்டோம், அவ்வளவுதான்.

தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "லாரி வந்தாத்தான் சந்தை. சந்தை இருந்தாத்தான் ஊரு. ஒருத்தி காலுக்காக ஊரைத் திருப்பி வெக்க முடியுமா?" என்றார். பிறகு கொஞ்சம் இளகி, "லாரி வெயில்ல நின்னா டயர் கெட்டுப் போவும் புள்ள" என்றும் விளக்கினார்.

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பி வரும் வழியில் அவளிடம் சண்டை போட்டேன். நாளைக்கு அந்த ஆள் டிரங்க் கால் கேட்டால் நீ யாரென்று சொல்லு, இல்லாவிட்டால் லைன் கொடுக்காதே என்றேன். அவள் நின்றுவிட்டாள். "அது என் வேல. வூட்டு வெவகாரத்த லைனுக்குக் கொண்டு போவ மாட்டேன். நீயும் இனிமே அப்பிடிப் பேசாத" என்றாள். அவளுடைய இந்த நேர்மை மேல் எனக்கு அன்று ஏற்பட்ட எரிச்சலுக்கு அளவே இல்லை.

திடல் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாவுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். அவர் ஒரு வழி சொன்னார். "ஒரு கல்ல நட்டு மஞ்சளப் பூசி, குங்குமம் வெச்சி, ரெண்டு எலுமிச்சம்பழத்தப் போட்டுடலாம் கண்ணு. எந்த டிரைவராவது அது மேல வண்டிய ஏத்துவானா? நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு ஆவாதுன்னா நானே வெக்கறேன்."

நிச்சயம் பலித்திருக்கும். எங்கள் ஊர் டிரைவர்கள் மனுஷி நிற்கிற இடத்தில் வண்டியைப் பின்னால் எடுப்பார்கள், மஞ்சள் பூசிய கல் இருந்தால் பத்தடி தள்ளி நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் சாமி படத்தை மாட்டினாலும் அதே மரியாதை கிடைக்கும். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. இன்றைக்கே செய்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றுதான் பார்த்தேன். "சாமிக்கு எடம் வுடுவாங்க அத்தை. எனக்கு வுட மாட்டாங்களா? நாளைக்கு அந்தக் கல்ல சுத்திக் கம்பி போடுவாங்க, கதவு வெப்பாங்க, பூட்டுவாங்க. அப்பவும் நாம வெயில்லதான் நிப்போம். நான் மனுஷியா அங்க உக்காரணும். அதுக்குக் குடுக்கறாங்களா, பாக்கலாம்" என்றாள். டீக்கடை அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, டீயை ஆற்றப் போய்விட்டார். எங்களிடம் காசு வாங்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை என்பது அபூர்வம், வந்தால் வானம் கிழிந்தது போலத்தான் வரும். சாலை கெட்டு லாரிகள் வரத் தாமதம். ஷெட் காலியாகக் கிடந்தது. பஸ்ஸுக்கு வந்த பெண்கள் எல்லாம் யாரையும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள். கூடைகள், கோழிகள், குழந்தைகள், ஒரு ஆடு. அக்காவும் நானும் தூணில் சாய்ந்து உட்கார்ந்தோம். அதன் பிறகு லாரிகள் வந்தன. ஹாரன் அடித்தார்கள், கையை ஆட்டினார்கள். அந்த மழையில் யார் எழுந்து போவார்கள்? ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரிகள் சலித்துப்போய்ப் பின்பக்கம் போய் நின்றன. முன்பக்கம் காலியாக இருந்ததால் பஸ் ஷெட்டுக்கு எதிரிலேயே வந்து நின்றது. எல்லோரும் நடந்துபோய் ஏறினோம். அக்கா நடந்துபோய் ஏறினாள்.

அன்று சந்தை நன்றாகவே நடந்தது. மூட்டைகள் ஏறின, லாரிகள் கிளம்பின. பின்பக்கத்திலிருந்து புறப்படுவது சுலபமாக இருப்பதாக டிரைவர்களே சொன்னார்களாம். தலைவர் குடை பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். டீக்கடை அம்மா அவர் காதில் விழும்படி, "மழையில நின்னுச்சே லாரி, கரைஞ்சா போச்சு?" என்று யாரிடமோ கேட்டார். மறுவாரம் பஞ்சாயத்தில் பேசி முடிவாகிவிட்டது. லாரி ஷெட் இனிப் பயணிகள் நிழற்கூடம். சந்தை நாளில் லாரிகள் பின்பக்கம் நிற்க வேண்டும். ஷெட்டுக்குள் சனம் உட்காரக் கல் மேடை கட்டப்படும். நான் தெருவில் குதித்தேன். அக்கா மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், இனித் தாமதம் ஆகாது என்று உறுதி கொடுத்துவிட்டு வந்தாள்.

இங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது.

வேலை நடக்கும்போது சுற்றிலும் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். தட்டியை எடுத்த அன்று நாங்கள் ஆசையாகப் போய்ப் பார்த்தோம். மேடை நீளமாக, நேராக, பூச்சு வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. படி கிடையாது. முதலில் எனக்குப் புரியவில்லை, அதற்கு மேல் இன்னும் ஏதோ கட்டப் போகிறார்கள் போல என்று நினைத்தேன். மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "மேடைன்னா இதானுங்க ஒசரம். லாரிய பின்னால வுட்டா அதோட பலகைக்குச் சரியா நிக்கும். மூட்டைய அப்பிடியே தள்ளலாம்."

"இது மூட்டைக்கு இல்லீங்களே. ஆளுங்க உக்கார" என்றேன்.

"ஆமாங்க, உக்காரட்டும்" என்றார் அவர்.

"எப்பிடி ஏறுவாங்க? படி எங்க?"

"மேடைக்கு யாருங்க படி வெப்பாங்க?" என்று அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

எங்கள் ஊரில் அதுவரை கட்டிய மேடைகள் எல்லாம் புளி மண்டியிலும் வெல்ல மண்டியிலும் கட்டியவை. எல்லாம் லாரியின் உயரம். பஞ்சாயத்தில் மேடை என்று சொன்னார்கள். கான்ட்ராக்டர் மேடை என்று கேட்டுக்கொண்டார். மேஸ்திரி மேடை கட்டினார். உறுப்பினர்கள் வந்து பார்த்து, நல்ல மேடை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் தவறாகத் தெரியவில்லை. உட்காரப் போகிறவர்களை ஒரு தடவை கூப்பிட்டு, எப்படி வேண்டும் என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் மூட்டையை யாராவது கேட்பார்களா? பெண்களையும் கிழவர்களையும் கால் ஊனமானவளையும் கேட்பதும் அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன். அக்கா மட்டும் தன் பூட்ஸின் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்துவிட்டு வந்த உறுதி அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

திறப்பு விழா சந்தை நாளில். வாழை மரம் கட்டி, மைக் செட் வைத்து, தடபுடல். டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். தலைவரும் உறுப்பினர்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் கால் வைத்து ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். ஏறியவர்களில் ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே! நாற்காலியில் உட்கார்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். சனம் கீழே, வெயிலில் நின்றது. சந்தை நாளாயிற்றே, டீக்கடையில் கூட்டம். டீக்கடை அம்மா வந்து, என் கடை ஸ்டூல் என்று தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேடையில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை.

தலைவர் பேசினார். ஏழை எளிய மக்களுக்காகத் தாமே யோசித்துச் செய்த காரியம் என்றார். பிறகு கூட்டத்தில் அக்காவைப் பார்த்துவிட்டார். "இந்தக் கோரிக்கைய எங்கிட்டக் கொண்டு வந்தது அதோ நிக்கற நம்ம ஊனமுத்த சகோதரி. அந்தப் புள்ள மேல வரட்டும், துண்டு போடணும்" என்றார். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புதுக் கம்பை ஊன்றி மேடையின் அடிவரை நடந்தாள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரு புடிச்சித் தூக்கி வைங்கப்பா" என்றார் தலைவர்.

மூட்டை தூக்குகிற ஆள்கள் இரண்டு பேர் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். மைக் செட்காரரைப் பார்த்து, மைக்கை இறக்கிக் கொடுக்கச் சொன்னாள். என்ன ஏதென்று தெரியாமல் அவர் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"வணக்கங்க" என்றாள் அக்கா.

தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அந்தக் குரல் திடல் முழுக்கப் போனது. அது வீட்டில் பேசுகிற குரல் இல்லை, எக்ஸ்சேஞ்சில் பலகை முன்னால் உட்கார்ந்து பேசுகிற குரல். "எங்களுக்குன்னு மேடை கட்டுனதுக்கு நன்றிங்க. ஆனா இது மூட்டை ஏத்தற ஒசரம். நான் மூட்டை இல்லீங்க. இங்க கீழ நிக்கற யாரும் மூட்டை இல்லீங்க. யாராவது தூக்கி வெச்சாத்தான் ஏற முடியும்னா, அது எங்க எடம் இல்லீங்க."

தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. எங்கேயோ கேட்ட குரல். அவருடைய கை தானாகக் காதுப் பக்கம் போயிற்று.

"அம்மா... இந்தக் கொரலு... நீங்களா, போன்ல?" என்றார்.

"ஆமாங்க. பெங்களூரு லைன் குடுக்கறது நான்தாங்க" என்றாள் அக்கா.

'புள்ள' போய் 'அம்மா' வந்துவிட்டது. நிற்கிறவளுக்குக் கிடைக்காத மரியாதை கம்பி வழியாக வந்தவளுக்குக் கிடைத்தது. எனக்கு அது இனிக்கவில்லை, இன்னும் எரிந்தது. குரல் இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? போனில் பேசாத என் அம்மாவை, கூடைக்காரியை, எந்தக் கம்பி காப்பாற்றும்?

தலைவர் எழுந்தார். கீழே வந்து பேசுகிறேன் என்று மேடையின் ஓரத்துக்கு வந்தார். ஸ்டூலைத் தேடினார். ஸ்டூலின் மேல் டீக்கடையில் ஒரு வியாபாரி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். தலைவர் ஒரு காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார், எட்டவில்லை. குதிக்கிற வயதும் இல்லை, குதிக்கிற வேட்டியும் இல்லை. அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். அவர் பின்னாலேயே உறுப்பினர்களும் போனார்கள், வந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் யாரோ, "ஏம்ப்பா, ரெண்டு பேரு புடிச்சித் தூக்கி எறக்குங்கப்பா!" என்று குரல் விட்டாள்.

வேறு வழி இருக்கவில்லை. அக்காவைத் தூக்க வந்த அதே இரண்டு பேர் கையை நீட்டினார்கள். தலைவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மேடையைக் கையால் பிடித்தபடி மெல்லப் பின்னால் இறங்கினார். அங்கே நின்ற லாரி க்ளீனர் ஒருவன் பழக்க தோஷத்தில் மேடையின் பக்கத்தை அறைந்து, "பரலி, பரலி" என்று கத்தினான். திடல் வெடித்துச் சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் கால் தரையில் பட்டதும், "பாத்துங்க, மெதுவா" என்றாள். அவளுக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவள் முன்னால் நின்றார். வேர்த்திருந்தது. "எவ்ளோ ஒசரம் வேணும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நியாயம்.

மறுநாளே மேஸ்திரியை வரச் சொன்னார்கள். அவர் கயிற்றோடு வந்தார். அக்கா காலை பஸ்ஸை நிறுத்தி வைத்து, அதன் கீழ்ப் படி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவரை அளக்கச் சொன்னாள். மேடை அந்த உயரம்தான் இருக்க வேண்டும், சாலையின் ஓரம் வரை வர வேண்டும் என்றாள். பஸ் அதை ஒட்டி நிற்க வேண்டும். தரையிலிருந்து மேடைக்கு ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் சரிவு. மேல் வரிசைக் கற்களைப் பெயர்த்து முன்பக்கம் நீட்டினார்கள், உள்ளே நிரப்பியிருந்த மண்ணையே வெளியே கொட்டிச் சரிவாக்கினார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், ஒருத்திக்காகச் சரிவு ஒரு கேடா என்று. வேலை முடிந்த அன்று நான் வேண்டுமென்றே அங்கே நின்று பார்த்தேன். தலையில் புளிக்கூடை வைத்தவள் சரிவில் ஏறினாள். பிள்ளைத்தாய்ச்சி சரிவில் ஏறினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் சரிவில் ஏறினார். படியை யாரும் சீண்டவில்லை. சாயங்காலம் அந்த உறுப்பினரும் வந்தார், மூட்டு வலியோடு, சரிவில்.

அதற்கு அடுத்த காலையில் அக்காவும் நானும் தருமபுரிக்குக் கிளம்பினோம். சந்தை நாள். லாரிகள் பின்பக்கம் இருந்தன. நாங்கள் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பஸ் மெதுவாக வந்து மேடையை உரசாத குறையாக நின்றது. அக்கா எழுந்தாள். கம்பை எடுத்து பஸ்ஸின் படியில் வைத்தாள், நல்ல காலை வைத்தாள், இரும்புக் காலையும் இழுத்து வைத்தாள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது போல உள்ளே போய்விட்டாள். கண்டக்டர் தகரத்தைத் தட்டவில்லை. அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். இவ்வளவுதான் விஷயம். இதற்கா மரத்தை வெட்டி, கம்பை உடைத்து, வேலை போய்விடும் என்று வீட்டில் சோறு தொண்டையில் இறங்காமல், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் தான் மூட்டை இல்லை என்று மைக் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது? கொஞ்சம் கல், கொஞ்சம் மண். எவ்வளவு சுலபம் என்று கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. கண் கலங்கிப்போய் மேடையிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏறு புள்ள. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க" என்றாள்.